விழிஞ்ஞத்திலிருந்து வர வேண்டிய வரி

மாமியார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மாடியில நட்டிருக்கயே, அந்தக் கம்பி குழந்தைய ஒண்ணும் பண்ணாதோன்னோ?"

பண்ணாது என்றுதான் படித்திருந்தேன். என் ரேடியோ வெளியே விடும் சக்தி ஒரு சின்ன பல்புக்குத்தான் காணும். ஆனாலும் "பண்ணாதும்மா" என்று சொன்னபோது குரலில் எனக்கே நம்பிக்கை போதவில்லை. அதைச் சமாளிக்க ஒரு வாக்கும் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை சோதனை சரிவராவிட்டால் மறுநாளே ஆன்டெனாவைக் கழற்றிவிடுகிறேன் என்று.

கல்லூரியில் படிக்கும்போதே, வீட்டிலேயே சின்ன ரேடியோ நிலையம் வைத்துப் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்திருந்தேன். வலியசாலைக்கு மருமகளாக வந்து, குழந்தையும் பிறந்த பிறகு, எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். இப்போது நாங்கள் மூன்று பேர் ஒரு புதிய மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கணினியில் அடிக்கும் செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ரேடியோ வழியே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றிவிடும். மழையில் மின்சாரமும் கைபேசியும் போனாலும், பேட்டரி இருந்தால் செய்தி போய்ச் சேரும். எந்த வீட்டு வழியாகப் போவது என்பதையும் அதுவே கண்டுபிடிக்கும். 'சோதனைப் பதிப்பு, இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்' என்று எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

ஒரு முனையில் என் கல்லூரித் தோழி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப்பெண், விழிஞ்ஞத்தில் பள்ளி ஆசிரியை. மறுமுனையில் கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனி இளைஞர். விழிஞ்ஞத்தில் தோழியின் வீடு குன்றுக்குப் பின்னால் இருப்பதால் அவள் அலை கழக்கூட்டத்துக்கு நேராக எட்டாது. நடுவில் என் மாடி வேண்டும். அவள் அனுப்பும் ஒரு வரி என் வழியாகக் கழக்கூட்டம் போய்ச் சேர்கிறதா என்பதுதான் சனிக்கிழமை சோதனை.

நான் கொடுத்த வாக்கைச் சொன்னதும் அவள் போனில் சிரித்தாள். "ஏட்டி, நீ அதக் கழட்டினா நான் மழக்காலத்துல கடலப் பாத்து கையக் காட்டிட்டு இருக்க வேண்டியதுதான்." சிரிப்பு அடங்கியதும், "கழட்டாத, கேட்டியா" என்றாள்.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு நிலையமும் அவ்வப்போது 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்பும். ஒரு நிலையத்திடமிருந்து கொஞ்ச நேரம் அறிவிப்பு வராவிட்டால் மற்றவர்களின் திரையிலிருந்து அது மறைந்துவிடும். அந்த வாரம் தோழி இரண்டு முறை என் திரையிலிருந்து மறைந்தாள். நானும் அவள் திரையிலிருந்து இப்படித்தான் மறைவேனோ என்று அறிவிப்புகளுக்கு நடுவிலான இடைவெளியைக் குறைத்தேன். போதாது என்று தோன்றியது. இன்னும் குறைத்தேன். அப்போதெல்லாம் தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காமல் அந்த அறையைத் தாண்ட மாட்டேன்.

சனிக்கிழமை, சாப்பாடு முடிந்து குழந்தை தூங்கியதும் உட்கார்ந்தேன். தோழி செய்தியை அனுப்பிவிட்டதாகப் போனில் சொன்னாள். திரையில் மூவரும் இருந்தோம். ஸ்பீக்கரில் கீச்சுக் கீச்சென்று சத்தம் ஓயவில்லை. செய்தி மட்டும் வரவில்லை. மாமியார் இரண்டு தடவை வாசற்படிவரை வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கழக்கூட்டத்திலிருந்து போன் வந்தது. "சேச்சி, சானல் ஒழியுந்நே இல்ல. ஆரோ நிறுத்தாதே விளிச்சோண்டிரிக்குந்நு." சானல் காலியாகவே இல்லை, யாரோ ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். மூவருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசும்போது மற்றவரின் ரேடியோ காத்திருக்கும்.

தோழியைக் கூப்பிட்டேன். "உன் அறிவிப்ப எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிருக்க?"

"நீ சொல்லு முதல்ல."

"அஞ்சு செகண்ட்."

"அப்பாடா. நானும் அதேதான். நீ காணாமப் போயிருவியோன்னு பேடிச்சிட்டு."

இருவரும் சிரித்தோம். பிறகு இருவருமே பத்து நிமிடமாக மாற்றினோம். அவள் செய்தியை மறுபடி அனுப்புவதற்குள் ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் குழந்தையைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கீச்சு. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு வரி வந்தது: இங்க மழ இல்ல, பிள்ள உறங்கிட்டா? அது கழக்கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாக அடுத்த வரி சொன்னது.

மாமியார் பின்னால் வந்து நின்றிருந்தார். "என்னவாக்கும் சொல்றா?"

"குழந்தை தூங்கித்தான்னு கேக்கறா."

"தூங்கறதுன்னு சொல்லு. கேட்டவாளுக்குப் பதில் சொல்லணுமோல்லியோ."

அடித்தேன். போயிற்று. மாமியார் குனிந்து திரையைப் பார்த்தார். "அப்ப கம்பி இங்கயேதான் நிக்கப்போறதாக்கும்?"

"நிக்கட்டுமாம்மா?"

"வடாம் காயப்போட எனக்கு எடம் வேணும். அந்தக் கோடிக்குத் தள்ளி வை."

அவர் காட்டிய மூலையில் மத்தியானமே தென்னை நிழல் விழுந்துவிடும். ஆன்டெனாவை அங்கே தள்ளினால் காலியாகும் இடமும் வடாம் காயப்போட லாயக்கானதல்ல, பாதி தண்ணீர்த் தொட்டியின் நிழல். ஆனால் குழந்தை தூங்கும் அறையிலிருந்து மாடியில் அந்த மூலையைவிடத் தூரமான இடம் கிடையாது. அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து இன்னும் கொஞ்சம் கேபிள் வாங்கிவந்தேன். அவர் ஆன்டெனா நிற்கும் குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் திருகாணியை முடுக்கினேன்.