கயிறு தின்ற கிலோக்கள்

புது புரொப்பல்லர் வந்த நாளிலிருந்து அது எங்கள் ஹால் சோபாவில் படுத்திருந்தது. வந்தவர்களை என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் கட்டிய இரண்டு இருக்கை விமானத்துக்கு அது. பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின். பிஸ்டனே கிடையாது, உள்ளே முக்கோணமாக ஒன்று சுற்றும், அதிரவே அதிராது என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விளக்குவார். அது எண்ணெய் குடிப்பதையும் காது கிழியக் கத்துவதையும் சொல்ல மாட்டார்.

சோதனை சாமராஜநகர் ரோட்டில், அவருடைய நண்பரின் நிலத்தில் நடந்தது. நண்பர் கொள்ளேகால்காரர், தேவராஜ மொஹல்லாவில் வெல்ல மண்டி வைத்திருக்கிறார். விமானத்தின் வாலைக் கயிற்றால் புளியமரத்தில் கட்டி, நடுவில் அவர் மண்டியிலிருந்து கொண்டுவந்த, முள் வைத்த மூட்டைத் தராசைக் கோத்தார்கள். நிலத்தின் கடைசியில் தென்னந்தோப்பு. தோப்பை எட்டுவதற்குள் மேலே எழும்ப எவ்வளவு இழுவை வேண்டும் என்று என் கணவரே கணக்குப் போட்டு, தராசில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். முள் கோட்டைத் தொட்டால் ஞாயிற்றுக்கிழமை பறப்பார். தொடாவிட்டால் இல்லை. இது அவரே எனக்குக் கொடுத்த வாக்கு.

முள்ளைப் பார்க்கும் வேலை என்னுடையது. எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. வாயெல்லாம் மண், புடவையெல்லாம் எண்ணெய்ப் புகை. முள் ஏறி ஏறி, கோட்டுக்கு இரண்டு விரல் முன்பே நின்றுவிட்டது. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் அங்கேயேதான் நின்றது.

எஞ்சினை நிறுத்திவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் முகம் தொங்கிப் போனது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்போதுதான் நண்பர் வாயைத் திறந்தார். புதுக் கயிறு இழுபடும், அது சில கிலோக்களைத் தின்றிருக்கும் என்றார். என் கணவர் நிமிர்ந்தார். வெயிலில் காற்று லேசாகிவிடும், காலையில் இன்னும் இழுக்கும் என்றார். சக்கரம் மண்ணில் புதைந்திருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்றார் நண்பர். ஃபிளாஸ்க் காபி தீர்வதற்குள், அசையாத முள்ளை இரண்டு பேரும் பேசியே கோட்டைத் தாண்ட வைத்துவிட்டார்கள். வெல்லத்துக்குச் சாக்கு எடை, ஈரம் என்று கழிவு போடுவது மாதிரி என் புருஷன் உயிருக்குப் போட்டார்கள்.

"கோடு போட்டது நீங்கதானே?" என்று கேட்டேன்.

"உனக்கு இதெல்லாம் கொத்தில்ல, சும்மா இரு," என்றார். ஆத்திரம் வந்தால் 'தெரியாது' என்பதுகூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

நான் நண்பரிடம் திரும்பினேன். "அப்ப ஞாயித்துக்கிழமை நீங்களும் பக்கத்து சீட்ல ஏறிக்குங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானுங்களா? நான் ஏறுனா வெயிட் ஜாஸ்தி ஆயிருமுங்க அண்ணி. அந்தத் தோப்பு வேற கிட்டக்க இருக்குதுங்க."

என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், ஸ்பேனரை எடுத்துப் புரொப்பல்லரின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தராசு சொன்னது, அவர் கணக்கு சொன்னது, கட்டிய பெண்டாட்டி நான் சொன்னேன். அதெல்லாம் ஏறாத மண்டையில், ஒரு வெல்ல வியாபாரியின் பயம் மட்டும் உடனே ஏறியது.