அட்டையில் போட்டிருந்த வருஷம்

பழைய சிடி விற்றுப் பிழைக்கும் என் சக பாவிகளே, அட்டையில் வருஷத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

கடலூர் திருப்பாப்புலியூரில் என் கடை. வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எப்ப வந்தது?" என்பதுதான். அட்டையில் மெட்ராஸ் என்றிருந்தால் பழசு, சென்னை என்றிருந்தால் புதுசு. இவ்வளவுதான் என் படிப்பு. அதற்கே தலைகால் புரியாமல் ஆடினேன்.

கம்மாபுரத்து வாத்தியார்

ரிட்டயர்டு வாத்தியார் ஆரோக்கியம் கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு சிடி, மேல்பட்டாம்பாக்கத்துப் பாடகர் குழு ஒன்று போட்டது. வீட்டு பிளேயர் போய்விட்டதாம், பென்டிரைவில் ஏற்றித் தர வேண்டும். "சம்சாரம் செத்தப்புறம் அவ பொட்டியில கெடந்துச்சு தம்பி. மூணாவது பாட்டுல அவ குரல் தனியா கேக்கும். இருந்தப்ப அவ சொன்னதும் இல்ல, நான் கேட்டதும் இல்ல" என்றார்.

பேசாமல் ஏற்றிக் கொடுத்திருக்கலாம். அட்டையைத் திருப்பினேன். அம்மா குழுவில் எப்போது சேர்ந்தார்கள் என்று கேட்டேன். கல்யாணம் ஆன அதே வருஷம்தான் என்று, அந்த வருஷத்தையும் சொன்னார். அட்டையில் இருந்ததோ அதற்கு இரண்டு வருஷம் முந்தியது. "அப்ப இது அவுங்களா இருக்க முடியாதே சார்" என்றேன், பெரிய துப்பறியும் ஆள் கணக்காக. அவர் சிடியைத் திரும்ப வாங்கவில்லை. "அப்ப இத்தினி நாளா வேற யாரையோ கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீங்களே வெச்சுக்குங்க."

சிதம்பரத்துப் பூதக்கண்ணாடி

அடுத்த வருஷம், சிதம்பரத்தில் சிடி சேர்க்கும் உமாபதி சாரிடம் 'மெட்ராஸ்' அட்டை போட்ட சினிமாப் பாட்டு சிடி ஒன்றைப் பெருமையாக நீட்டினேன். அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். தொழிற்சாலையில் பதித்த பொடி எண்கள் அங்கே இருக்குமாம். சிலதில் மாதமும் வருஷமும்கூட. என்னுடையது ரொம்பப் பிந்திய சரக்கு. "அட்டைய ஒரு தடவ அடிச்சுட்டா மிச்சம் எத்தினி வருஷம் வேணா கெடக்கும் சார். தட்டு அப்படி இல்ல, பொறக்கிறப்பவே பச்ச குத்திக்குது."

கொய்யா மரம்

பஸ்ஸில் திரும்பும்போதே வாத்தியாரின் சிடி ஞாபகம் வந்தது. வாத்தியார் விட்டுப்போன சிடி விற்காது என்று, கிளி விரட்ட வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துப் பார்த்தேன். மழையிலும் வெயிலிலும் வெள்ளிப் பூச்சு உரிந்து, பாட்டெல்லாம் போய்விட்டிருந்தது. வளையத்து எண் மட்டும் தெளிவாக இருந்தது. அதில் இருந்தது, அவர் கல்யாணத்துக்கு மறு வருஷம்.

பாடகர் குழுத் தலைவருக்கு போன் போட்டேன். முதல் சிடி தீர்ந்ததும், புது ஆட்களைச் சேர்த்து மறுபடி பாடிப் பதிந்தார்களாம். மிச்சமிருந்த பழைய அட்டையையே போட்டார்களாம். மூன்றாவது பாட்டின் தனிக்குரல் வாத்தியாரின் சம்சாரம்தான். வேறு பிரதி யாரிடமும் இல்லை.

கம்மாபுரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. உரிந்துபோன தட்டை வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது அவதான்னு என் காதுக்குத் தெரிஞ்சுது தம்பி. என் காத நம்பாம உங்க அட்டைய நம்பிட்டேன்."

இப்போது தேதி பதித்த சிடி என்றால் அதன் வயதை மாதக் கணக்கோடு சொல்லிவிடுவேன், யாராவது கேட்டால் மட்டும்.