ஓர்கன் பட்டறையில் மூன்று தட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. ஐந்து பெற்றேன், செத்துப்போன என் தங்கச்சியின் மகளையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அரிசி களைகிற ஆள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள், மையிருட்டில் தனியாக ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்தவள், என்னிடம் அந்தக் கதையெல்லாம் எடுபடாது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது, கையெழுத்துப் போடுவேன், ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகன் வழிப் பேத்தி ஷானி எழுதுகிறாள். இப்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

எங்கள் வீடு மாத்தளையிலிருந்து நாலந்தா போகிற ரோட்டில் இருக்கிறது. வீட்டோடு ஒட்டினாற்போல் பட்டறை. பட்டறைக்கும் என் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், அந்தப் பக்கம் ஆணி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே செய்வது ஓர்கன். ஒரு பெரிய பெட்டிக்குள் காற்றடித்து, வரிசையாக நிற்கிற குழல்களை ஊத வைத்து, மாதா கோயிலில் பூசைப் பாட்டுக்கு வாசிக்கிற ஓர்கன். இலங்கையில் இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, எங்களைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோனி தேயிலைத் தொழிற்சாலையில் மரவேலை பார்த்தவர். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன ஒரு சின்னக் கோயிலில் கறையான் அரித்த ஓர்கன் ஒன்று கிடந்தது, அதைக் கழற்றி விறகுக்குக் கொடு என்று ஃபாதர் சொன்னாராம். இவர் கழற்றினார், விறகுக்குக் கொடுக்கவில்லை. லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அறை, வாசல், கட்டிலுக்கு அடி எல்லாம் குழல். என் மூத்தவனுக்கு அந்தக் குழல்களுக்கு நடுவில்தான் தொட்டில் கட்டினேன். எது எங்கே இருந்தது, எதற்கு இருந்தது என்று கண்டுபிடித்து அதை அவர் திரும்பப் பாடவைக்க வருஷக் கணக்காயிற்று. அதற்குப் பிறகு அவரே செய்ய ஆரம்பித்தார். பெட்டி பலா மரம், பெரிய குழல்கள் சப்பு மரம், சின்னக் குழல்களுக்குப் பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் இருந்த ஈயத் தகட்டை வெள்ளீயத்தோடு சேர்த்து உருக்குவார். துருத்திக்கு ஆட்டுத்தோல். டவுனில் தோல் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, "ஓர்கன் பாஸ், இது நல்லாப் பாடின ஆடு, கொண்டு போங்க" என்று சொல்லிச் சொல்லி விலையை ஏற்றுவார். மரவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்போம், ஊரில் அவருக்குப் பெயரே ஓர்கன் பாஸ் ஆகிவிட்டது, நான் ஓர்கன் பாஸ் சம்சாரம்.

சும்மா சம்சாரம் இல்லை. ஓர்கனுக்குச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டிக்குள் புகுந்து குழல்களோடு குழலாக நின்று ஒவ்வொன்றையும் மயிரிழை ஏற்றி இறக்க வேண்டும், மற்றவர் வெளியே உட்கார்ந்து கட்டையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பேசக் கூடாது, பேச்சு காதைக் கெடுத்துவிடும். அதனால் உள்ளே இருப்பவர் மரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் அடுத்த கட்டைக்குப் போ. இரண்டு தட்டு என்றால் விடாதே, பிடித்துக்கொண்டே இரு. எங்கள் பட்டறையின் பாஷை அவ்வளவுதான். மாத்தளையிலும் கண்டியிலும் எத்தனையோ கோயிலில் பாடுகிற ஓர்கன்களுக்குக் கட்டை பிடித்தது இந்தக் கை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டும் பிடித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், தட்டுக்குத் தட்டு காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவரோடு இருந்த நேரம் அது. ஆறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் புருஷனோடு தனியாக இருக்க வேறு எங்கே இடம்?

அப்போதுதான் பிலோமினா வந்தாள். நாலந்தாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர், கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். ஒரு நாள் பட்டறைக்கு வந்தவள், நான் கட்டை பிடித்திருக்கும்போது, "சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு மாஸ்டர்" என்றாள். ஊரே பாஸ் என்று கூப்பிட, இவளுக்கு மட்டும் மாஸ்டர். அவர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்காத ஒரு சந்தோஷத்தோடு அவளைப் பார்த்தார். அடுத்த ஓர்கனுக்கு என் இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சருக்குக் காது இருக்கு" என்றார்.

"அப்ப எனக்கு இருக்கிறது என்ன, ரெண்டு பக்கமும் ஓட்டையா?" என்றேன்.

"அதுக்கில்ல ரோஸா. வேலை சீக்கிரம் முடியுமில்லையா."

"முடியட்டும், முடியட்டும். எனக்கென்ன, அடுப்பு இருக்கு."

கேட்டுப் பெற்றுக்கொள்ளும் இடமா அது? நான் சமையலறைக்குப் போனேன். ஆனால் காது பலகைச் சுவரிலேயே இருந்தது. அவள் சுருள்முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் குடையைச் சாத்தி வைத்துவிட்டு உட்காருவாள், பிறகு சத்தம் வரும். ஒரு தட்டு. கட்டை மாறும். ஒரு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம், நம்பினால் நம்புங்கள், மூன்று தட்டு.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று என்பது எங்கள் பாஷையில் இல்லை. மூன்று தட்டுக்குப் பிறகு ஓர்கன் நின்றுவிடும், ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் அவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார், முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. "என்ன?" என்று கேட்பார். என்னவாமே! திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்து என்னைக் கேட்கிறார் என்ன என்று. "ஒண்ணுமில்ல" என்று தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைப்பேன். குடித்துவிட்டுப் போவார். இது ஒரு நாள் இரண்டு நாள் நடந்ததில்லை, அவள் வந்துபோன அத்தனை வருஷமும் நடந்தது. அவள் வராத நாளில், என் மகன் லூயிஸ் வளர்ந்து கட்டை பிடித்த நாளில், மூன்று தட்டே கிடையாது. இவளுக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது என்ன என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் நான் தோற்றவள். கேட்கவில்லை. அவரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவளும் கால் முடியாமல் வீட்டோடு அடங்கிவிட்டாள். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நடந்தது இதற்கு அப்புறம். அவர் பாதியில் விட்டுப்போன ஒரு சின்ன ஓர்கன் பட்டறையில் நின்றது. குழல்கள் ஏற்றியாயிற்று, சுருதி மட்டும் சேர்க்கவில்லை. லூயிஸ், அவன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறான், துருத்தியில் எங்கேயோ காற்று போகிறது என்று பார்க்கக் காற்றடிக்கிற மோட்டாரைப் போட்டவன், அதை ஓடவிட்டபடியே பசை வாங்கிவர டவுனுக்குப் போயிருந்தான். மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல வெயில், மத்தியானம். பேய்க் கதைக்கு ஏற்ற நேரமா சொல்லுங்கள்? கட்டைகளில் படிந்த தூசியைத் துடைக்கப் போனேன், துடைத்தபடி உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடி ஒன்றை அமுக்கினேன்.

சுருதி சேராத குழல்கள் இரண்டு ஒன்றாக ஊதினால் சத்தம் நேராக இருக்காது, அலை அலையாக நடுங்கும். அந்தக் கட்டையும் நடுங்கியது. நான் கையை எடுக்கப் போனேன். உள்ளே இரண்டு தட்டு. விடாதே.

விடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், என் கைக்கு அது பழக்கம். பிடித்துக்கொண்டே இருந்தேன், என் காதுபட அந்த நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நூல் பிடித்தாற்போல் நின்றது. பிறகு ஒரு தட்டு. அடுத்த கட்டை. நடுக்கம், இரண்டு தட்டு, மெதுவாகி நின்றது, ஒரு தட்டு. எலி என்று சொல்வீர்கள், வெயிலுக்கு மரம் வெடிக்கிற சத்தம் என்று சொல்வீர்கள், எலி சுருதி சேர்க்குமா? எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது, டீச்சரைக் கூப்பிடாமல் என்னிடம் வந்தாரே என்று ஒரு கர்வமும் வந்தது. முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசையில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்று தட்டு.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. செத்தும் இந்த மனுஷன் அவளைத்தான் தேடுகிறார், இங்கே உட்கார்ந்திருப்பது அவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! எழுந்து போய்ப் பெட்டியின் கதவை இழுத்துத் திறந்தேன். "பாரு, நான்தான், நல்லாப் பாரு!" என்று கத்தினேன். உள்ளே குழல்கள்தான் நின்றன. ஆள் இல்லை. அவர் எப்போதும் நிற்கிற பலகையில் தூசி படிந்தபடி கிடந்தது, ஒரு கால் தடம் இல்லை.

லூயிஸ் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா உள்ளுக்குப் போனது? பாதி சேர்ந்திருக்கே" என்றான். நான் சொன்னேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

அந்த வாரமே பஸ் ஏறி பிலோமினா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் கேட்காததை இனிக் கேட்காமல் செத்தால் என் ஆன்மா அடங்காது. சுருள்முடி எல்லாம் வெள்ளையாகி, வாங்குப் பலகையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், அவர் உங்களுக்கு மூணு தட்டுவாரே, அது எதுக்கு?"

அவள் என்னையே பார்த்தாள். "மாஸ்டரா? மாஸ்டர் எங்கக்கா மூணு தட்டினார்? நீங்கல்ல தட்டுவீங்க."

"நானா?"

"குசினிச் சுவத்துல, உங்க அடுப்புப் பக்கமிருந்து. மூணு தட்டு கேட்டதும் மாஸ்டர் 'அவ கூப்பிடுறா'ன்னு சாமானைப் போட்டுட்டு எழும்பிப் போயிடுவார். வேலை நல்லாப் போற நேரம் பார்த்துத் தட்டுவீங்க. ஒவ்வொரு நாளும்! எனக்கு உங்க மேல எவ்வளவு எரிச்சல் தெரியுமா அக்கா? என்ன மனுஷி இவ, புருஷனைக் கொஞ்ச நேரம் விடமாட்டாளான்னு."

பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு என் மேல் எரிச்சல் என்று கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே வந்தது நான் கூப்பிட்டேன் என்றுதான், என்ன என்று கேட்டதும் அதனால்தான். அந்தச் சந்தோஷத்திலேயே தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். கோப்பையைக் கீழே வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு நாளும் அந்தச் சுவரில் தட்டியதில்லை. ஒரு தடவைகூட இல்லை.

அவளுக்கு நான் அதைச் சொல்லவில்லை. நான்தான் தட்டினேன் என்றே இருக்கட்டும்.

உள்ளே கேட்ட ஒரு தட்டும் இரண்டு தட்டும் அவருடையது என்றே வைத்துக்கொள்வோம், புருஷனுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவரும் தட்டாமல், நானும் தட்டாமல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தட்டியது யார்?

இதை நான் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். இப்போது சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு லூயிஸ் ஓர்கன் செய்கிறான். கட்டை பிடிக்க ஒரு பிள்ளை வருகிறாள், இசை படித்தவள், நல்ல கெட்டிக்காரி, சிரித்த முகம். போன வெள்ளிக்கிழமை என் மருமகள் மெட்டில்டா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். முகம் கறுத்திருந்தது.

"மாமி, மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டு தட்டுறவர், இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் மூணு தட்டுறார்?"

அவளுக்கு இந்தக் கதையில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதே நேரம், அவன் அப்பா நின்ற மாதிரியே லூயிஸ் வாசலில் வந்து நின்றான், "என்ன மெட்டில்டா?" என்றான். அவள், "ஒண்ணுமில்ல" என்று கோப்பையை டக்கென்று வைத்தாள்.

அதனால்தான் இதை எழுதச் சொன்னேன், என்னை மாதிரி இவளும் கேட்காமலே வருஷத்தைத் தொலைக்கக் கூடாது. எழுதிவிட்டாயா ஷானி? இனி முதலிலிருந்து வாசி. இங்கே இல்லை, சமையலறைக்குப் போய் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, பட்டறைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி. பிலோமினா பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக, உன் தாத்தா காதில் அது விழ வேண்டாம்.