மேற்கு வராந்தாக் கட்டில்

என் அக்காவுக்கு அறுவை செய்த டாக்டர் இரக்கமில்லாதவர் அல்ல. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் வருவதை மட்டும் படிப்பவர்களுக்கு வேறு மாதிரி தோன்றக்கூடும்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த கிராமங்களில் யாருக்காவது கத்தி வைக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். குடலிறக்கம், மூத்திரக் கல், மாடு முட்டிக் கிழிந்த வயிறு, எல்லாவற்றுக்கும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். காலையில் வார்டைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, கட்டைப் பிரிக்கச் சொல்லித் தையலைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். சில நாள் முகத்தைப் பார்க்காமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தையல் சரியாக இருந்தால் "அழகா ஆறிருக்கு" என்பார். அந்த வார்த்தை கிடைத்த நோயாளி அன்று முழுவதும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அக்காவைச் செம்பட்டிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் கத்தரியும் போடுவார். பிள்ளைகள் இல்லை. அக்காவின் இடது மார்பில் கட்டி தெரிந்தபோது அவளுக்கு நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டாக்டர் மார்பை எடுத்துவிட்டார். தையல் பிரித்த அன்று அக்காவுக்கும் அந்த வார்த்தை கிடைத்தது. அக்காவும் அத்தானும் ஒரே பொருளில்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். வியாதி போய்விட்டது. பழனிக்குப் போய் இருவரும் முடி இறக்கிவிட்டு வந்தார்கள்.

ஒரு வருடத்துக்கும் மேல் நன்றாக இருந்தாள். இடது கை மட்டும் வீங்கிக்கொண்டது. பிறகு முதுகில் வலி தொடங்கியது. வெங்காய மூட்டையைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். கட்டிலில் புரள முடியாமல் போனபோதுதான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்தார். நான் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. படித்தவன் என்று என்னை அழைத்திருப்பார்.

"முதுகெலும்புல இறங்கியிருக்கு. அங்க நான் கை வைக்க முடியாது. அவங்ககிட்டச் சொல்ல வேண்டாம்."

"எவ்வளவு நாள், டாக்டர்?"

"மழைக்காலம் தாண்டாது."

அன்று பிற்பகலே அக்காவின் கட்டிலை மேற்கு வராந்தாவுக்கு மாற்றினார்கள்.

அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டின் மேற்குப் பக்கம், ஓட்டுச் சார்ப்பு, வெயிலுக்கு மூங்கில் தட்டி. இனி கத்திக்கு வேலை இல்லாதவர்களுக்கான இடம் அது. அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்பார்கள். டாக்டர் காலையில் கிழக்குக் கதவு வழியாக வந்து, வார்டைச் சுற்றிவிட்டு, அதே கதவு வழியாக ஆபரேஷன் அறைக்குப் போவார். வராந்தாவுக்கான கதவு அந்த நேரத்தில் சாத்தியிருக்கும். வராந்தாவில் இருப்பவர்களுக்கு நர்ஸ் மாத்திரை கொண்டுவருவார். வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். "வெளிய மாத்திட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் வேறு பக்கம் பார்ப்பார்.

மாத்திரை அக்காவின் வலியைத் தொடவில்லை. அவள் கத்துகிறவள் அல்ல. பற்களைக் கடித்துக்கொண்டு மூங்கில் தட்டியின் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மதிய இடைவேளையில் என் மனைவி கொடுத்த கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுபோவேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. தொட்டால் வலிக்கும் என்பதால் நான் கட்டிலின் சட்டத்தில்கூடக் கை வைக்கமாட்டேன்.

உள்ளே, வார்டில், அறுவை செய்தவர்களுக்கு மார்பியா ஊசி போடுவார்கள். போட்ட சிறிது நேரத்தில் தூங்கிவிடுவார்கள். அந்த ஊசியை அக்காவுக்குப் போடலாமே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அறுத்த வலி நாளுக்கு நாள் குறையும். அதுக்குப் போடலாம். இது குறையாத வலி. ஆரம்பிச்சா எங்க நிறுத்துறது? ஊசி இல்லாம இருக்க முடியாதுங்கற பழக்கம் வந்துரும்."

"பழகிட்டா என்ன டாக்டர்? மழைக்காலம் தாண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர மயக்கிப் போட்டுச் சாக விடுறதுக்கு நான் படிக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே பட்டது என்று நினைக்கிறேன்.

அத்தானுக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் கேட்டார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. செம்பட்டியிலிருந்து வரும்போதெல்லாம் ஆபரேஷன் அறை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். டாக்டர் வெளியே வந்ததும், "அய்யா, ஏதாச்சும் செய்யுங்கய்யா" என்பார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருமுறை அத்தான் ஒரு சாக்கு வெங்காயம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். டாக்டர் அதை ஆஸ்பத்திரிச் சமையல் அறைக்கு அனுப்பிவிட்டார். வெங்காயத்தை ஏற்றுக்கொண்டதாக அத்தானுக்குப் பட்டது. அதன் பிறகு இன்னும் நம்பிக்கையோடு நின்றார்.

அந்த நிற்றல் டாக்டரை ஏதோ செய்திருக்க வேண்டும். ஒருநாள் அவரே எங்களை அழைத்து, இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். அடிவயிற்றைத் திறந்து சினைப்பைகளை எடுத்துவிட்டால் சிலருக்கு இந்த வியாதி கொஞ்ச நாள் அடங்கும், எலும்பு வலியும் குறையும் என்று விளக்கினார். எல்லாருக்கும் கேட்காது என்றும், இவள் இருக்கும் நிலையில் மயக்க மருந்தைத் தாங்குவாளா என்பது சந்தேகம் என்றும் சொன்னார். அத்தான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தார்.

"பாத்தியா மாப்ள. நான் சொன்னேன்ல. அவரு கைவிட மாட்டாரு."

அத்தான் அக்காவிடம் கேட்டபோது உடனே சரி என்றுவிட்டாள். எனக்கு அதுதான் புரியவில்லை. முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, இனிமேல் உயிரே போனாலும் அந்த அறைக்குள் போகமாட்டேன் என்று பஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள். அத்தான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் கேட்டேன்.

"சம்மதம்னு சொன்னியாமே?"

"ஆமா. கேட்டாரு, சொன்னேன்."

"அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்னு சொன்ன."

"அது அப்ப. இப்ப போறேன்."

"தாங்குவியான்னு டாக்டருக்கே சந்தேகமா இருக்கு."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் நான் கணக்கில் தப்பு செய்யும்போது சிரிப்பது போல.

"ஏலே, ஆபீசுல இம்புட்டு எழுதுற, இது தெரியலயா ஒனக்கு? உள்ள ஒருத்தி இருக்கா பாரு, வயித்துல அறுத்தவ. சாயங்காலம் ஊசி போட்டா அவ விடுற கொறட்டை இங்க வரைக்கும் கேக்குது. என்னைய அறுத்தா எனக்கும் போடுவாங்கல்ல?"

நான் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அறுத்த வலிக்குன்னு போடுவாங்க. இந்த முதுகு வலியும் அதோட சேந்து தூங்கிரும்ல. நாலு நாளு தூங்குனாப் போதும்டா தம்பி. பொறகு நடக்குறது நடக்கட்டும்."

"கொணமாயிரும்னு அத்தான் நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"நெனச்சுக்கிட்டுப் போறாரு. எனக்குத் தெரியாதா? வெங்காயப் பட்டறையில ஈரம் எறங்கினா மேல இருக்குறது நல்லாத்தான் இருக்கும். கைய உள்ள விட்டாத்தான் தெரியும்." அறுவடை செய்த வெங்காயத்தைக் காற்றுப் படும்படி மூங்கில் தட்டிகளுக்கு நடுவே கொட்டி வைப்பதுதான் பட்டறை. ஒவ்வொரு வருடமும் அதற்குள் கைவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. "அவருகிட்டச் சொல்லித் தொலைக்காத" என்று முடித்தாள்.

அத்தானிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். வாளியிலிருந்து நர்ஸ் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா சம்மதித்தது எதற்காக என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். நர்ஸின் கை நின்றது.

"யார் சொன்னது?"

"அவளேதான்."

"ஊசிக்காகவா வயித்தத் திறக்கச் சொல்றாங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் சோப்பு நுரையோடு நீட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊத்துங்க சிஸ்டர்" என்றார். கழுவி முடித்தும் என் பக்கம் திரும்பவில்லை.

"உங்க அத்தான்தான் ஏதாச்சும் செய்யுங்கன்னு தினம் வந்து நிக்கிறாரு. வேற என்ன செய்யணும்? எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை வராந்தாவுக்கு ஊசி வந்தது. நர்ஸ் சீட்டைக் காட்டினார். டாக்டர் எழுதிய சீட்டு. ஆபரேஷன் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது. அக்கா தூங்கினாள். வாய் திறந்திருந்தது. வீங்கிய கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன், அவள் விழிக்கவில்லை. மறுநாள் ஒரு இட்லி முழுவதும் தின்றாள். பக்கத்துக் கட்டில் கிழவியின் வெற்றிலைப் பெட்டியைக் கேலி செய்தாள். "எனக்குக் கட்டி வந்துச்சு, ஒனக்கு வரமாட்டேங்குதே ஆத்தா, இம்புட்டு போயிலை திங்கிற" என்றாள். கிழவி வசவுதான் பதிலாகக் கொடுத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

அத்தான் சிரிக்கவில்லை. ஆபரேஷன் இல்லை என்றதும் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். செய்ய ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். வெளியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். வாசலிலேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். ஆனால் ஊசி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

"என்னடி சொல்ற?" என்று அத்தான் அக்காவிடம் கேட்டார்.

"நான் இங்கனயே இருக்கேன்."

"வாசல்ல போடணும்டி ஒன்னைய."

"போடுங்க. எனக்கு அப்ப முதுகு வலிக்காதுல்ல."

அத்தான் எழுந்து மூங்கில் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அன்று கடைசி பஸ் வரை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

வலி தீர்ந்த பிறகு அக்காவுக்கு ஒரே கவலைதான் மிஞ்சியது. "டாக்டரு என் மேல கோவமா இருக்காரா?" என்று என்னைக் கேட்பாள். இல்லை என்பேன். "பெறகு ஏன் வரல? நான் அவரு சொன்ன ஆபரேசனுக்கு வராம இருந்துட்டேன்ல. மனசு சங்கடப்பட்டிருக்கும்." காலையில் உள்ளே அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போது தலையைக் கதவுப் பக்கம் திருப்பிவைத்துக்கொள்வாள். சத்தம் கிழக்குப் பக்கம் போய்விடும்.

அவர் ஒருமுறை வந்தார். நான் இருந்தபோதுதான் வந்தார் என்பதால் இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மதியம், சுற்றுக்கான நேரம் அல்ல. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்கார முக்காலி இருந்தது, உட்காரவில்லை. என்ன கேட்பது என்று தெரியாதவர் போல அக்காவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, பழக்கம்தான், குனிந்து அவள் தோள் பக்கத்துச் சேலையை லேசாக விலக்கிப் பழைய தையலைப் பார்த்தார். அது வெளுத்து, நேராக, ஒரு கோடு போல இருந்தது.

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா ஆறிருச்சுங்கய்யா" என்றாள். "அய்யா தச்ச எடம் ஒண்ணும் ஆகல. சுத்தமா இருக்கு."

அவர் சேலையைத் திரும்ப மூடினார். "சரிம்மா" என்றார். போகும்போது வராந்தாக் கதவு வழியாகப் போகாமல், படியிறங்கி வெயிலில் சுற்றிக்கொண்டு போனார்.

அக்கா மழைக்காலம் வரை இருக்கவில்லை. ஆவணியில் ஒரு பிற்பகல், தூக்கத்தில் போனாள். அத்தான் சொன்னபடியே வீட்டு வாசலில்தான் கிடத்தினோம். அவர் பிறகும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வயிற்றைத் திறந்திருந்தால் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்று இரண்டு முறை கேட்டார். இருக்கலாம் என்பதுதான் என் பதில். சிலருக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னது உண்மை. இன்றும் எனக்கு அதில் தெளிவு இல்லை.

சில மாதங்கள் கழித்து, அலுவலக நண்பர் ஒருவரின் குடலிறக்க ஆபரேஷனுக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பும்போது மேற்கு வராந்தாப் பக்கம் போனேன். அக்காவின் கட்டிலில் ஒரு ஆள், தாடையில் பெரிய கட்டு. புகையிலைக் கிட்டங்கியில் வேலை செய்தவராம். வாயைத் திறக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்தார். என்னை அடையாளம் தெரிந்து தலையசைத்தார்.

"ஊசி இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"கேக்குறவங்களுக்கு எழுதித் தாராரு. இவங்க கேக்கலயே."

நர்ஸ் போன பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நாளைக் காலையில் கிழக்குக் கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், டாக்டர் வரும்போது, வலிக்கு ஊசி எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம், அதை மட்டும் கேளுங்கள்.

அவள் விசிறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாமளாப் போயி அதக் கேட்டா அவரு கோவிச்சுக்க மாட்டாருங்களா?"