ரெண்டு விரக்கடை இறக்கிய வண்டி

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் அது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோடு கோட்டை மலைகளுக்கு நடுவில் புகுந்து போகுமே, அங்கேதான் நடந்தது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

நான் குள்ளம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் ஆள் வாட்டசாட்டம், தொண்ணூறு கிலோ. செஞ்சி கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய டூரிங் பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். கொஞ்ச நாளிலேயே அவருக்கு அது அலுத்துப்போனது, எனக்கோ அதன்மேல் பைத்தியம் பிடித்தது. திருவண்ணாமலையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு அதில் தனியாகப் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கால்தான் தரையில் எட்டவில்லை.

"இன்னா பெரிய விஷயம், முன்னாடி ஷாக்க எறக்கிட்டா ஆச்சு" என்றார் இவர். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே, முன் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு குழாய்களின் போல்ட்டையும் வாசலில் வைத்தே தளர்த்தினோம். குழாய் மேலே ஏற ஏற, வண்டியின் முன்பக்கம் கீழே வந்தது. ரெண்டு விரக்கடை இறக்கி, திரும்ப முறுக்கிவிட்டோம். பின்பக்கத்தையும் இறக்க வேறு பார்ட் வேண்டுமாம். அது எதுக்கு வீண் வேலை என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் தினமும் காலையில் பயிற்சி. நான் ஓட்ட, இவர் காவலுக்குப் பின் சீட்டில். "ஒன்ன தனியா வுட்டுட்டு நான் எப்படி கடையில உக்காந்திருப்பேன்?" என்பார். மேல்மலையனூர் வரைக்கும் போய் வருவோம். கால் நன்றாக எட்டியது. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. முதுகுக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய தைரியம்.

தனியாகக் கிளம்புகிற நாளும் வந்தது. "எதுனா ஆச்சின்னு வையி, அப்புறம் அந்த சாவிய நீ தொடவே கூடாது" என்று சொல்லித்தான் மாமியார் வழியனுப்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் டம்மென்று அடி வாங்கியது. கூட்டத்தில் நின்றபோது கால் நுனிதான் தரையில் பட்டது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்கிற இடம் வந்தது. ரோடு காலி. வேகத்தைக் கூட்டினேன். எழுபதைத் தொட்டிருக்கும், ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுந்தது. அவ்வளவுதான்! ஹேண்டில்பார் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க இன்னும் வெறி பிடித்த மாதிரி ஆடியது. எதிரே ஒரு டவுன் பஸ் வேறு வருகிறது. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். "அங்காளம்மா!" என்று கத்தினேன் பாருங்கள், அந்தக் கத்தலில் கை தானாகத் தளர்ந்துவிட்டது. நம்பினால் நம்புங்கள், பிடி தளர்ந்ததும் ஆட்டம் அடங்கி வண்டி தானே நேரானது. பஸ் உரசாமல் கடந்து போனது.

ஓரம் கட்டினேன். கால் சரியாக எட்டாமல் வண்டியோடு அப்படியே சாய்ந்தேன். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நாலைந்து பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள், அத்தனை கனமான வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். "ஏம்மா, ஒனக்குப் புள்ள குட்டி இருக்குதா இல்லியா?" என்று திட்டிக்கொண்டே ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

போன் போட்டதும் இவர் ஆட்டோ பிடித்துப் பறந்து வந்தார். "நான் பின்னாடி இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்று ஒரே கத்தல். அப்புறம் அவரே ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய், வெளிறின முகத்தோடு திரும்பி வந்தார். அவருக்கும் ஆடியிருக்கிறது.

வண்டியைச் சுற்றி வந்து குனிந்து குனிந்து பார்த்தார். "நீ ஏறி உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கால் நுனிதான் எட்டியது. அவரும் பின்னால் ஏறினார். பின்பக்கம் புஸ்ஸென்று அமுங்கியது, முன்பக்கம் நிமிர்ந்தது, என் பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. அவர் இறங்கினார். வண்டி மறுபடியும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டது. இன்னொரு தடவை ஏறி இறங்கினார். அதே கதைதான்.

"அப்போ இத்தினி நாளா என் வெயிட்டுதான் இத்த நேரா வச்சிருந்திச்சா?" என்றார். முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் ஹேண்டில்பார் நிலைக்காமல் ஆடும் என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. அம்மாடி, எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

அன்று சாயங்காலமே முன்பக்கத்தைப் பழையபடி ஏற்றிவிட்டோம். நிற்கும்போது சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒற்றைக் காலை ஊன்றப் பழகிக்கொண்டேன். இந்த முறை இவர் ஏறவில்லை. ரோட்டோரம் நின்று, வேர்த்து வழியப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசியில் நான் தனியாகவே ஓட்டிப் போய்த் தங்கச்சி வீட்டு வாசலில் இறங்கினேன்.

பாசத்தில்தான் அவர் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார், அந்தப் பாசமே வண்டியின் கோளாறை எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படாமல் மறைத்துவிட்டது. நினைத்தால் இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது: என்னைக் காப்பாற்ற அவர் செய்ததிலேயே பெரிய காரியம், என்னைத் தனியாக விட்டுவிட்டு ரோட்டோரம் நின்றதுதான்.