குண்டூசிக்குப் பதில் மைதாப் பசை

பழந்துணிப் போர்வை தைக்கிற தொழிலில் தைப்பது சுலபம். தைத்து முடிக்கும்வரை துணி நகராமல் இருக்க வேண்டுமே, அதுதான் பாடு. கன்னடக்காரர்கள் கௌதி என்று சொல்லும் இந்தப் போர்வையை, ஆஸ்டின் டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டுத் தரையில் விரித்துத்தான் தைக்கிறேன். அதே தரையில்தான் என் மகள் சாந்தி தவழ்கிறாள். தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு ஊசி பிடிக்கிற தாய்மார்களுக்கு மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

வாயில் என்ன?

முன்பெல்லாம் துணித் துண்டுகளைக் குண்டூசி குத்தித்தான் நிறுத்துவேன். ஒருநாள் சாந்தி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை சத்தமில்லாமல் இருந்தாலே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். வாயில் விரலை விட்டுப் பார்த்தால், நாக்குக்கு அடியில் குண்டூசி. நல்லவேளை, விழுங்கவில்லை. அன்றோடு ஊசி டப்பா பரண்மேல் போனது.

வேலையும் நின்றது. என் வீட்டுக்காரர் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் இருக்கிறார். மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஓரத்தில் மட்டும் தடவி ஒட்டிப் பார் என்றார். தைத்தபின் அலசினால் போய்விடுமாம். பூச்சி வராமலிருக்கக் கடையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், நமக்கு வேண்டாம் என்றும் சொன்னார். துணிக்குப் போய் பசையா என்று நான் இழுத்தேன். "கொழந்தை தின்னா என்ன ஆகும்? ஒரு வாய் கஞ்சி உள்ள போகும், அவ்வளவுதானே," என்றார்.

அப்பளம்

அடுகோடியிலிருந்து போர்வை தைக்கக் கொடுத்திருந்த சரோஜம்மா, அதை நான் அலசுவதற்கு முன்பே பார்க்க வந்துவிட்டார். பசை காய்ந்து விறைப்பாக இருந்தது. தட்டினால் டப் டப் என்றது. "இது போத்திக்கவா, பொரிச்சுத் திங்கவா?" என்று கேட்டார்.

அலசிக் காயவைத்தபின் மறுபடி வந்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்; மெத்தென்று இருந்தது. மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒட்டினதுன்னு எங்க நாத்தனாருக்கு மட்டும் சொல்லிடாதம்மா."

எறும்பு

மயில்துத்தம் இல்லையா, எறும்புக்குக் கொண்டாட்டம். ஒருநாள் காலையில் பார்த்தால், ஒட்டிவைத்த ஓரம் நெடுக வரிசை. பக்கத்து வீட்டு கிளாராக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோடு கிழிச்ச மாதிரி போகுது பாரு. அது மேலயே தையல் போடு."

சட்டைகள்

தொம்மலூரிலிருந்து ராஜம்மா ஒரு மூட்டையோடு வந்தார். போன மழைக்காலத்தில் தவறிப்போன அவர் கணவரின் சட்டைகள். போர்வையாக வேண்டும் என்றார். குண்டூசியை விட்டுப் பசைக்கு மாறிய கதையைச் சொன்னேன். கடைசியில் அலச வேண்டும் என்றதும், மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சட்டையை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். பீடியும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. "இதுக்காகத்தாம்மா தொவைக்காம வச்சிக்கினு இருக்கேன்," என்றார்.

பசை வைத்தால் அலசாமல் தீராது. பசை இல்லாவிட்டால் குண்டூசி. நான் சாந்தியைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். "கொழந்தைய நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ ஊசியக் குத்து."

தையல் முடியும்வரை தினமும் மத்தியானம் நடந்தே வந்து, வாசல்படியில் சாந்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தையல் முடிந்த அன்று ஊசிகளையெல்லாம் எடுத்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்து, போர்வையைத் தரையில் விரித்துக் காட்டினேன். சாந்தி அவர் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போனாள். நட்டநடுவில் உட்கார்ந்தாள். அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

பழக்கதோஷம், வாளியை எடுக்க எழுந்தேன். ராஜம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். "நாலு புள்ளைங்களத் தூக்கி வளர்த்த சட்டை இது, இதுக்கு ஒண்ணும் புதுசில்ல. வெயில்ல போடு கண்ணு, தண்ணியில போடாத."

இப்போதும் பசைதான் காய்ச்சுகிறேன். ஆனால் மைதாவைக் கரைப்பதற்கு முன்னால், இதை அலசலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.