பத்தொன்பதாம் மைல் கல்

மம்சாபுரம் கருத்தம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். களை எடுக்கும் காட்டில் அவள் தொண்டை கிழியக் கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேச்சு வாய்க்குள்ளேயே உருள ஆரம்பித்தால் காட்டுக்காரர் வரப்பு மாறி நடப்பார். 1937 மாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அரிசிக்கடை சமுத்திரம் போட்டிருந்த பந்தலுக்குள் அவள் நுழைந்தபோது, பக்கத்தில் வந்தவளுக்குக்கூடக் கேட்காத குரலில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என் தங்கச்சி திரும்பல. என் தங்கச்சி பாதியில திரும்பல."

தங்கச்சி வெள்ளைத்தாய் செத்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது.

வெள்ளைத்தாயின் புருஷன் மாரிசாமி பாரவண்டிக்காரன். போன ஐப்பசியில் ராஜபாளையத்துக்குப் பருத்திப்பொதி ஏற்றிப் போனபோது வண்டி குடைசாய்ந்து அவன் வலது காலை நசுக்கிவிட்டது. கட்டுப்போட வந்த வைத்தியரே தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே வெள்ளைத்தாய் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். அவன் எழுந்து நின்றுவிட்டால், செருப்பில்லாமல் பழனிக்கு நடந்து, தலையில் வெல்லப்பெட்டி சுமந்துபோய்ச் சாமிக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். மார்கழியில் மாரிசாமி கம்பூன்றி வாசலுக்கு வந்தான். தையில் அவள் கிளம்பிவிட்டாள். ஒத்தையாக விட மனசில்லாமல் கருத்தம்மாவும் கிளம்பினாள்.

சமுத்திரம் வருஷாவருஷம் கூட்டிப்போகும் கூட்டம் அது. அந்த வருஷம் நாற்பத்தொரு பேர். ஏழு நாள் நடை. கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று போகும் பாதை. கூட்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதில் பெரியது இது: வழியில் கூட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அத்தனை பேருக்கும் தீட்டு. காவடியை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டு ஊர் திரும்ப வேண்டும்; மறு வருஷம் முதலடியிலிருந்து நடக்க வேண்டும். இதை வகுத்தவரே சமுத்திரம்தான். புறப்படும் அன்று எல்லோரையும் கற்பூரத்தின் மேல் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியவரும் அவர்தான்.

ஆறாம் நாள் காலையில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு மைல் கல் அருகே கூட்டம் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த வேதசிரோமணி பஸ் பிடித்து வந்து அங்கே காத்திருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர்; ஆனால் படம் எடுக்கக் கூப்பிட்டால் எந்தச் சாமி ஊர்வலத்துக்கும் வருவார். மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்க, மூச்சையும் பிடிச்சுக்கோங்க" என்றார். முன்வரிசை ஓரத்தில் கருத்தம்மா. அவளுக்கு இடப்பக்கம் வெள்ளைத்தாய், தலையில் வெல்லப்பெட்டி. ஒரு கை பெட்டியில், இன்னொரு கை அக்காவின் தோளில். "எக்கா, நம்ம மூஞ்சி கண்ணாடிக்குள்ள போயிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கால் மைல் நடப்பதற்குள் வெள்ளைத்தாய்க்கு வயிறு போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வாந்தி. உச்சிவெயில் ஏறும்போது கண் உள்ளே போய்விட்டது, விரல் எல்லாம் சுருங்கிவிட்டது. புளியமரத்தடியில் கிடத்தினார்கள். சமுத்திரம் தள்ளியே நின்றார்.

"கருத்தம்மா, நீ இவளப் பாத்துக்க. நாங்க முன்னால போறோம்."

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. வண்டி கிடைச்சா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்."

"பொறுத்து, இங்கன ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? முப்பத்தொம்போது காவடி நிக்கி. அம்புட்டுப் பேர் வேண்டுதலும் உன் தங்கச்சி மூச்சுலயா தொங்கணும்?"

மூச்சு இருக்கும்போதே போய்விட்டார்கள். கண்ணுக்கு முன்னால் சாகவில்லை என்றால் தீட்டில்லை என்பது அவர் கணக்கு. கடைசியாக நடந்துகொண்டிருந்த, காது மந்தமான கிழவன் ஒருத்தன் கூட்டம் வளைவு திரும்புவதற்குள் கருத்தம்மாவின் அலறலைக் கேட்டான். அவன் கேட்டால் எல்லோரும் கேட்ட மாதிரிதான். ஒருவரும் நிற்கவில்லை. அரோகராச் சத்தம்தான் கூடுதலாக எழுந்தது.

முகந்தெரியாத இரண்டு தோட்டக்காரர்கள் குழி வெட்டிக் கொடுத்தார்கள். காலரா பார்க்க வந்த சர்க்கார் ஆட்கள் கருத்தம்மாவை ஒரு கொட்டகையில் எட்டு நாள் உட்கார வைத்தார்கள். அவள் மம்சாபுரம் வந்து சேர்வதற்குள் கதை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளைத்தாய் மூன்றாம் நாளே, உசிலம்பட்டியிலேயே, கால் வலிக்கிறது என்று வெல்லப்பெட்டியை இறக்கிவிட்டாளாம். யார் சொல்லியும் கேட்காமல், அக்காளையும் விட்டுவிட்டு ஒத்தையாகத் திரும்பிவிட்டாளாம். சொன்ன சொல்லை முறித்தவளைச் சாமி வழியிலேயே அடித்துப்போட்டதாம், சேதி கேட்டுத்தான் அக்காள் ஆறாம் நாள் கூட்டத்தை விட்டுத் திரும்பினாளாம். முப்பத்தொன்பது வாயும் ஒரே மாதிரி சொன்னது. சொல்லாமல் எப்படி? ஆறாம் நாள் சாவு என்று ஒப்புக்கொண்டால் அத்தனை பேர் காவடியும் தீட்டுக் காவடி.

மாரிசாமி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே பேசினான்.

"எங்காலுக்கு வச்ச நேர்த்தியப் பாதியில போட்டுட்டு வந்தாளே மதினி. இனி அது யாரு தலையில விடியும்? அவளுக்கு நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

செய்யவும் இல்லை. மொட்டை போடவில்லை. பதினாறாம் நாள் ஒரு செம்புத் தண்ணீர்கூட இறைக்கவில்லை.

கருத்தம்மா முதலில் கத்தினாள். தெருவில், கிணற்றடியில், காட்டில். தங்கச்சிக்காகப் பேசுகிறாள் என்றார்கள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணாடிக்குள் போன மூஞ்சி நினைவுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போய் ஸ்டூடியோ படியில் நின்றாள்.

"ஆறாம் நாள் எடுத்தீயளே, அந்தப் படத்தைக் காட்டுங்க ஐயா."

வேதசிரோமணி அவள் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சட்டம் போடக் கொடுத்தாச்சும்மா. சமுத்திரம் சாப்பாடு போடுறாரில்ல, அங்க வந்து பாரு."

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் இப்போது வந்திருக்கிறாள்.

நடை முடிந்த மறுமாசம் கூட்டம் கூடிச் சாப்பிடுவது வழக்கம். இலை போடுவதற்கு முன்னால் ஏழு நாளையும் ஏழு பேர் எழுந்து சொல்ல வேண்டும், ஆளுக்கொரு நாள். நடக்காதவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டாலும் புண்ணியம். இந்த வருஷம் படங்களும் சேர்ந்துகொண்டதால் மம்சாபுரத்திலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் சனம் வந்து பந்தல் பிதுங்கியது. கயிற்றில் படங்கள் தொங்கின. நடுவில் ஒரு பெரிய சட்டம், சரிகைத் துண்டு போர்த்தி. பந்தக்கால் ஒன்றில் கம்பைச் சாய்த்துவிட்டு மாரிசாமியும் உட்கார்ந்திருந்தான்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் போயின. மூன்றாம் நாளுக்குச் சோணைமுத்து எழுந்தான். கூட்டத்துக்குச் சமைத்தவன், வாயாடி.

"உசிலம்பட்டியில நான் சோத்தக் குழைய விட்டுட்டேன். சமுத்திரம் அண்ணாச்சி ஒரு வாய் வச்சுட்டு, 'ஏலே சோணை, இதத் திங்கவா, சுவத்துல பூசவா'ன்னாரு." பந்தல் சிரித்தது. "அந்தச் சோத்துக்குப் பயந்துதானோ என்னமோ ஒரு பொம்பளை அங்கனயே திரும்பிட்டா."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டான். கருத்தம்மா அசையவில்லை. நாலாம் நாள் வந்தது. ஐந்தாம் நாள் வந்தது. சமுத்திரமே எழுந்தார்.

"மலையடிவாரம் போய்ச் சேந்தப்ப பொழுது சாயல…"

"ஆறாம் நாள் எங்க அண்ணாச்சி?"

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் மம்சாபுரத்துக்காரர்கள் சட்டென்று அடங்கினார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

"ஆறாம் நாள்ல சொல்ல ஒண்ணுமில்ல தாயி. வெறும் ரோடு. உக்காரு."

"வெறும் ரோட்டுக்கா போட்டோக்காரரு பஸ்ஸேறி வந்தாரு?" கேட்டுக்கொண்டே நடந்துபோய்ச் சரிகைத் துண்டை உருவினாள்.

முப்பது நாற்பது முகங்கள். காவடிகள். முன்வரிசை ஓரத்தில் கருத்தம்மா. அவளுக்கு இடப்பக்கம் யாரும் இல்லை. மரநிழல் விழுந்த மாதிரி ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு.

கருத்தம்மா அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. புதைத்த குழியில்கூட முகத்தை மூடும்போது அவள்தான் துணியை இழுத்துவிட்டாள். இங்கே யார் மூடியது?

"எங்க ஐயா எந்தங்கச்சி?"

வேதசிரோமணி அவள் காதுக்கு மட்டும் முணுமுணுத்தார். "செத்தவங்களும் உயிரோட இருக்கிறவங்களும் ஒரே சட்டத்துக்குள்ள இருந்தா ஆகாதுன்னாங்க. கண்ணாடிப் பிளேட்டுல கத்தி வச்சுச் சுரண்டிட்டேன். தொழிலும்மா. சொன்னதைச் செஞ்சேன்."

"சொன்னது யாரு?"

சமுத்திரம் முந்திக்கொண்டார். "உசிலம்பட்டியில திரும்பினவ இந்தப் படத்துல எப்படிட்டி இருப்பா? நிழலப் பாத்து ஒப்பாரி வைக்கா. இவள வெளிய கூட்டிட்டுப் போங்கலே!"

இரண்டு பேர் எழுந்தார்கள். அப்போதுதான் கருத்தம்மா அதைப் பார்த்தாள். கறுப்பு முடிகிற இடத்தில், படத்தில் இருந்த தன் தோளின் மேல், ஒரு கை. மணிக்கட்டோடு நின்ற கை. சுரண்டிய கத்தி ஆளை எடுத்துவிட்டு, அக்காளின் சேலைமேல் பதிந்திருந்த விரல்களை விட்டுவிட்டது.

எழுந்தவர்கள் நெருங்குவதற்குள் சட்டத்தைக் கயிற்றிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மாரிசாமியின் மடியில் வைத்தாள்.

"ஏலே, இது யாரு கை?"

அவன் பார்த்தான். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கல்யாணமான வருஷம் வெள்ளைத்தாய் வண்டிச் சக்கரத்துக்கு மசகு மை போடும்போது அவன் கவனிக்காமல் மாட்டை நகர்த்த, நசுங்கி அப்படியே கூடிப்போன விரல். கண்ணாடிமேல் அந்த விரலைத் தொட்டான்.

"கீழ ஒரு கல்லு நிக்கி பாரு. உனக்கு எழுத்துத் தெரியாது, மைல் கல்லு தெரியும். வண்டிக்காரன்தான? வாசி."

"பழனி…" மாரிசாமி சட்டத்தை நோக்கி இன்னும் குனிந்தான். "பத்தொம்போது."

"சத்தமா வாசி. உன் பொண்டாட்டி உசிலம்பட்டியில திரும்பினான்னு எம்புட்டுச் சத்தமாச் சொன்ன?"

"பத்தொம்போது மைலு!" அவன் கத்தினான். கத்தியதும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பந்தலில் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். நடந்தவர்களின் பெண்டாட்டிகள், தாய்மார்கள். "அப்ப உசிலம்பட்டின்னு சொன்னது?" "எங்க வீட்டுக்காரரு என்கிட்டயே சத்தியம் பண்ணுனாரே!" சோணைமுத்து பந்தல் நடுவில் வந்து நின்றான். சிரிக்க வைத்த வாய் கோணிக்கொண்டிருந்தது.

"ஆறாம் நாள நான் சொல்லுதேன். அந்தப் பொம்பளைக்கு நான்தான் கடைசியா நீச்சத்தண்ணி கொடுத்தேன். குடிக்க முடியல. மூச்சு இருக்கையில விட்டுட்டுப் போனோம். பின்னால இந்தக்கா அலறினது எங்காதுல விழுந்துச்சு. எல்லார் காதுலயும் விழுந்துச்சு. இல்லன்னு எவனாச்சும் சொல்லுங்கலே, பாப்போம்."

சமுத்திரம் கும்பிட்ட கையோடு முன்னால் வந்தார். "கருத்தம்மா, எல்லாருக்காகவுந்தான் செஞ்சேன். முப்பத்தொம்போது குடும்பத்து வேண்டுதல்…"

"முப்பத்தொம்போதுக்காக ஒண்ணைக் கொன்னீய, சரி. நோயி கொன்னுச்சுன்னே வச்சுக்கிடுதேன். செத்த பொறவு ஏன் அண்ணாச்சி மறுபடி கொன்னீய? வேண்டுதல முறிச்சவன்னு ஏன் பேரு வச்சீய? சாமிக்குத் தெரியாம மலையேறினீய, சரி. சாமி பேரச் சொல்லி எந்தங்கச்சிய ஏன் அடிச்சீய?"

அன்றைக்கு அந்தப் பந்தலில் இலை போடவில்லை. கூட்டமும் அதோடு உடைந்தது. மறு வருஷம் முப்பத்தொன்பது பேரில் பாதிப்பேர் சமுத்திரம் இல்லாமல் தனியாக, முதலடியிலிருந்து, நடந்தார்கள்.

கருத்தம்மா சட்டத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேதசிரோமணி ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"பிளேட்டு போச்சும்மா, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. நல்ல ஆர்ட்டிஸ்ட் மதுரையில இருக்காரு. நீ அடையாளம் சொன்னா அந்த இடத்துல முகத்தை எழுதி வாங்கித் தாரேன். இல்லன்னா அந்தக் கையையாவது மறைச்சுத் தாரேன், பாக்கப் பயமா இருக்கும்."

"கைய விட்டீயளே, அதுக்கு உம்ம கத்திக்குத்தான் கும்பிடு போடணும். முகம் இல்லாதது இல்லாததாவே இருக்கட்டும். யாரு அழிச்சதுன்னு கேக்கிறவனுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

மாரிசாமி அந்த வாரமே மொட்டை போட்டான். பதினாறாம் நாள் செய்ய வேண்டியதை அறுபதாம் நாள் செய்தான். அதற்கும் கருத்தம்மா போய் ஓரமாகத்தான் நின்றாள். முடிந்ததும் அவன் காலில் விழ வந்தான்; அவள் நகர்ந்துகொண்டாள்.

"எங்கால்ல விழுந்து என்ன? உனக்காக நடந்தவ பத்தொம்போது மைல மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கா. காலு கூடிருச்சில்ல? போய் நட. பஸ்ஸுல போய் மலையடிவாரத்துல இறங்கிட்டு வந்தேன்னு சொன்ன, அந்தக் கம்பாலேயே அடிப்பேன்."

அடுத்த தையில் அவன் போனான். ஒட்டன்சத்திரம் வரை வண்டி, அங்கிருந்து வெல்லப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடை. நொண்டி நொண்டி இரண்டு நாள் ஆயிற்று என்று வந்து சொன்னான். விபூதி கொண்டுவந்திருந்தான். கருத்தம்மா கடலைச் செடியை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"கல்லுகிட்ட நின்னியா?"

"நின்னேன் மதினி."

"புளியமரம்?"

"இருக்கு. குழிமேட்டுல கல்லு அடுக்கிட்டு வந்தேன்."

அவள் விபூதியை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் வைக்கவில்லை, எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த சட்டத்தில், தன் தோள்மேல் இருந்த அந்த விரல்களின் மேல் கண்ணாடியில் கொஞ்சம் தடவினாள். பிறகு திரும்பி வந்து செடியை எடுத்தாள்.

"சோறு இருக்கு. தின்னுட்டுப் போ," என்றாள். குரல் இறங்கியேதான் இருந்தது.